காற்புள்ளி

மருந்துக் கணக்குத் தேர்வில்
தொண்ணூற்றொன்பது வாங்கினாலும் தோல்விதான்.
ஹம்மர்ஃபெஸ்டில் செவிலியர் பட்டப்படிப்பு,
இரண்டாம் ஆண்டு.
ஸ்டெய்னாருக்கு இது மூன்றாவது முயற்சி.
நான்காவது கிடையாது.

வயது நாற்பத்தொன்று.
பதினெட்டு வருடம் மீன் ஆலையில்
காட் மீனின் வயிறு கீறியவர்.
மனித இதயத்துக்கு நான்கு அறை என்று
உடற்கூறியல் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொள்ள,
இரண்டே அறை கொண்ட ஓர் இதயத்தைத் தேடி
மேசைக்கடியில் அவர் கட்டைவிரல் தானாக அசைந்தது.

கை கழுவவும் ஒரு பாடம் உண்டு.
களிம்பு பூசி, சோப்புப் போட்டுத் தேய்த்து,
நீல விளக்கின் கீழ் நீட்டினால்
கழுவாமல் விட்ட இடம் ஒளிரும்.
மற்றவர்களுக்கு நகக்கண்.
அவருக்கு, மோதிரம் இருந்த விரலில்
ஒரு மெல்லிய வளையம்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சிறுநீர்க் குழாய் செருகிப் பழக
ரப்பர் மனிதன் ஒருவன்.
வகுப்பு அவனை மேயர் என்று அழைத்தது.
போர்வையை விலக்குமுன்
"மன்னிக்கணும்" என்றார் மேயரிடம்.
பின்வரிசை சிரித்தது.
ஆசிரியை எதையோ குறித்துக்கொண்டார்.

கணக்குதான் வழுக்கியது.
முதல் முறை 0,25 என்பதை 2,5 என்று எழுதினார்.
இரண்டாம் முறை
மணிக்கு எத்தனை துளி என்று கணக்கிட்டார்;
கேட்டிருந்தது நிமிடத்துக்கு.
அந்நாட்டில் தசமத்துக்குப் புள்ளி இல்லை,
காற்புள்ளி. சின்ன வால் வைத்தது.
இடம் மாறி உட்கார்ந்தால் பத்து மடங்கு.
என் மொழியில் மெய்யெழுத்தின் தலையில்
ஒரு புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்.
அங்கே வாலை இழுத்தாலே போதும்.

பிறகு சூரியன் வராத இரண்டு மாதம்,
முதியோர் இல்லத்தில் களப்பயிற்சி.
திங்கள்தோறும் யோருன் அம்மாளை
நாற்காலித் தராசில் உட்காரவைத்து
எடை பார்ப்பது அவர் வேலை.
ஐம்பத்திரண்டு.
ஐம்பது காற்புள்ளி ஒன்பது.
மூன்றாவது திங்கள்,
நாப்கினுக்குள் சுருட்டிய உருளைக்கிழங்கு
அவள் ஸ்வெட்டர் பையிலிருந்து விழுந்தது.
"பூனைக்கு" என்றாள்.
அந்த இல்லத்தில் பூனை இல்லை.
நாற்பத்தெட்டு காற்புள்ளி ஆறு.

மீன் ஆலையில் எடை குறைந்தால்
பெட்டியில் இன்னொரு மீனைப் போடுவார்கள்.
இங்கே என்ன செய்வது என்று தெரியாமல்
கோப்பைப் புரட்டினார்.
பாராசிட்டமால் ஒரு கிராம், நாளைக்கு நான்கு வேளை.
எடைக் கட்டத்தில் இன்னும் ஐம்பத்திரண்டு
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அளவும் இறங்க வேண்டும்.
மருந்தியலில் பாதித் தூக்கத்தில் கேட்டது.
செவிலியரிடம் போய்ச் சொன்னார்,
குரல் கொஞ்சம் தேவைக்கு மேல் உயர்ந்து.
அவள் பட்டியலைப் பார்த்தாள்,
கோப்பைப் பார்த்தாள்,
மருத்துவரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.
அவ்வளவுதான். பாராட்டு ஏதுமில்லை.
அன்று மாலை யோருன் அம்மாள்
மீன் சூப்பில் பாதியைக் குடித்தாள்.
அதையும் எழுதினார்: அரைக் கோப்பை.

இப்போது தேர்வு அறை.
ஐந்தாம் கேள்வி:
"பெண், 84 வயது, எடை 48,6 கிலோ.
கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் என்றால்..."
பேனா நின்றது.
கேள்வித்தாள் நோயாளிகளுக்குப் பெயர் இருப்பதில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதினார்.
அடுத்த நொடி
முதல் ஆண்டில் படித்த ரகசியக் காப்புச் சட்டம்
நினைவுக்கு வந்து அழித்தார்.
அழுத்தி எழுதியிருந்ததால்
தாளில் பள்ளம் மட்டும் மிஞ்சியது,
விரலில் அந்த வளையம் போல.

எழுநூற்று இருபத்தொன்பது.
ஒருமுறை போட்டார்.
மருந்தறையில் எதிரே இன்னொருவர் நின்று
எண்ணைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது விதி.
இங்கே எதிரே சுவர்தான்.
உதடு மட்டும் அசைய
தானே சொல்லித் தானே கேட்டார்,
பிறகு இன்னொரு முறை, மெதுவாக,
ஒவ்வொரு வாலும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று
விரல் வைத்துப் பார்த்தபடி.

முடிவு வெள்ளிக்கிழமை.
அதற்குமுன் ஒரு திங்கள் இருக்கிறது.